நடுக்கடல் வரை எட்டிய மை

அச்சுக்காரி அச்சடித்த ஒரு முழத் தாளை விரித்து வைத்தால், நடுக்கடலில் ஒரு மனிதன் புரண்டு படுப்பதுகூட அதில் விளக்காக எரியும். நம்பாதவர்கள் அவளுடைய நாத்தனாரைக் கேட்டுக்கொள்ளலாம். அவளும் முதலில் நம்பாதவள்தான்.

சட்டைகளுக்குப் பூ அச்சிடும் அதே திரையில்தான் அவள் வேலை பார்த்த பட்டறையில் காந்த உணரிகளும் அச்சாயின. நிக்கல் பொடி கலந்த மையை ஊற்றி, ரப்பர் பட்டையால் ஒரே இழுப்பு. காந்தம் கிட்டே வந்தால் தாளின் ஓரத்துக் குட்டி விளக்கு எரியும். மூடியில் காந்தம் வைத்த மருந்துப் பெட்டியை யாராவது திறந்தார்களா என்று பார்க்க அதை வாங்கிப் போவார்கள். சோதனைக்கு வைத்திருந்த காந்தத்தை, கப்பலில் சமைக்கும் அவள் கணவன் கைமறதியாகச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டான். கப்பல் மூழ்கியது. தேடப் போன படகுகள் வெறுங்கையோடு திரும்பின.

"அண்ணன் இனி வராது அண்ணி. அழுது முடிச்சிட்டு ஆகுற வேலையப் பாருங்க," என்றாள் நாத்தனார்.

"அதத்தான் பாக்குறேன். தள்ளி நில்லு, வெளிச்சத்த மறைக்காத."

உணரிக்கு ஒரு பூச்சுதான் என்பது தொழில் விதி. இவளோ காயக் காய மேலே அடித்தாள். இரண்டாம் பூச்சுக்கே பக்கத்து வீட்டுக் குளிர்பெட்டியின் காந்தக் கதவு திறந்ததும் விளக்கு எரிந்தது. பத்தியத்தில் இருந்த வாத்தியார் மாட்டிக்கொண்டார். அடுத்த பூச்சில் தெருவே மாட்டிக்கொண்டது. தாள் பலகையாகத் தடித்த ஒரு காலையில், கடல் பக்கம் திருப்பினால் மட்டும் விளக்கு நின்று எரிந்தது.

அன்றே ஒரு மரப்படகு பிடித்தாள். "தனியா விட்டா நீங்களும் குதிச்சிருவீங்க" என்று நாத்தனாரும் ஏறிக்கொண்டாள். கரை மறைந்ததும் எந்தப் பக்கம் திருப்பினாலும் விளக்கு எரிந்தது.

"பாத்தீங்களா? என் கைப்பையோட காந்தப் பொத்தானக் கண்டுபிடிச்சிருக்கு உங்க தாளு!"

அச்சுக்காரி பையைப் பிடுங்கிக் கடலில் எறிந்தாள். விளக்கு அணைந்தது. பிறகு தாளை அங்குலம் அங்குலமாகத் திருப்பினாள். தென்மேற்கில் ஒரு மினுக்கல். போகப் போக வெளிச்சம் கூடிக் கண் கூசி, படகோட்டி தொப்பியை மூக்கு வரை இழுத்துவிட்டுக்கொண்டார். அங்கே சமையல்காரன் ஓர் அண்டாவில் உட்கார்ந்து கரண்டியால் துடுப்புப் போட்டுக்கொண்டிருந்தான். அவன் சட்டைப் பையில் கடலடியில் கிடந்த ஆணிகளெல்லாம் மொய்த்திருந்தன.

காந்தத்தைப் பட்டறைக்குத் திருப்பிக் கொடுத்த பிறகும், அவன் வீட்டில் இருந்தால் விளக்கு எரிகிறது. தூங்கும்போது அதன்மேல் ஒரு துண்டைப் போட்டு வைக்கிறார்கள். கதை அளக்காதீர்கள் என்று யாராவது சொன்னால், சண்டைக்கு வருவது நாத்தனார்தான்.

"நானும் நம்பலதான். ஆனா நடந்துச்சுங்க. இல்லேன்னா என் பை எங்க?"