வீரம்மா கட்டின பாட்டு

மலாயாவில், கோலா கங்சார் மாரியம்மன் திருவிழாவில் தன் பாட்டை வேறொருவன் வாயில் கேட்டபோது வீரம்மாவுக்கு முதலில் வந்தது சந்தோஷம்தான். புத்தகம் விற்கிறவன் ஒருவன் தரையில் துண்டை விரித்து, அதன்மேல் சின்னச் சின்னப் பாட்டுப் புத்தகங்களைப் பரப்பி வைத்து, தொண்டை கிழியப் பாடிக்கொண்டிருந்தான். சுற்றிலும் ஐம்பது அறுபது பேர். இரண்டு பெண்கள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள்.

"கூடவந்த தங்கச்சியே கொடிமுல்லைக் கண்மணியே
தீவுக்குள்ளே உன்னைவிட்டுத் திரும்பித்திரும்பிப் பார்த்தேன்டி"

வீரம்மா கூட்டத்தை இடித்துக்கொண்டு முன்னால் போய் நின்றாள். பாட்டு முடியும் வரைக்கும் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள். இந்தப் பாட்டுப் புத்தகங்களுக்கென்று ஒரு முறை உண்டு. கட்டினவரின் பேரும் ஊரும் கடைசி அடியில் வந்தாக வேண்டும். அந்த ஒரு அடிக்காகத்தான் அவள் பாட்டையே கட்டினாள். முன்னால் இருக்கும் இருபது அடியும் அந்த அடியை ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகப் போகவேண்டிய மாட்டுவண்டிதான்.

"ஈப்போ நகர் பிச்சைமுத்து இயற்றியதோர் சிந்திதுவே
தப்பிருந்தால் பெரியோர்கள் தயவுடனே பொறுப்பீரே"

என்று முடித்தான் அவன். வீரம்மாவின் பேர் அதில் இல்லை.

அவள் கட்டிய அடி இது:

"வாழைக்காட்டுத் தோட்டத்திலே வழிபார்த்து நிக்கிறேன்டி
வீரம்மா என் பேரைக்கேட்டு விரசா நீ வந்திரடி"

வந்துவிட வேண்டியவள் முத்தம்மா, வீரம்மாவின் தங்கை. நான்கு வருஷத்துக்கு முன்னால், ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்திரண்டாம் வருஷம், அக்காளும் தங்கையும் வீரம்மாவின் புருஷனோடு ஒரே கப்பலில் ஊரிலிருந்து இங்கே வந்தார்கள். பினாங்குக்கு எதிரே ஒரு தீவு. தொத்து நோய் இருக்கிறதா என்று கப்பல் ஆட்களை அடைத்துவைத்துப் பார்க்கும் கொட்டகை அங்கேதான். முத்தம்மாவுக்கு அங்கே அம்மை கண்டுவிட்டது. பதினாறு வயசுப் பெண். "அடுத்த கூட்டத்தோட வந்துரும், நீ படகுல ஏறு" என்று ஆள் சேர்த்துக் கூட்டிவந்த கங்காணி அதட்டினான். வீரம்மா ஏறினாள். அடுத்த கூட்டம் வந்தது, அதற்கடுத்ததும் வந்தது. முத்தம்மா எந்தக் கூட்டத்திலும் இல்லை. குணமானவளை வேறு எந்தத் தோட்டத்துக் கங்காணியோ கூட்டிப்போய்விட்டான் என்றார்கள். எந்தத் தோட்டம் என்று சொல்ல ஆளில்லை. முதல் வருஷமே புருஷனும் காய்ச்சலில் போய்ச் சேர்ந்தான். வீரம்மாவுக்கு இந்த நாட்டில் மிஞ்சியது பால் சீவும் ரப்பர் மரமும் அந்தத் தங்கையின் நினைப்பும்தான்.

கடிதம் போட்டுப் பார்க்காமலா? தோட்ட ஆபீஸில் கணக்கு எழுதும் கிராணி தியாகராஜா இரண்டு தோட்டங்களுக்கு எழுதிப் பார்த்தார். ஆபீஸ் கணக்கில் தோட்டத்துக்கு ஓர் இங்கிலீஷ் பேர், கூலிகள் குடியிருக்கும் லயத்தில் வேறொரு பேர், ஆளுக்கு ஒரு நம்பர். இதில் முத்தம்மா என்று கேட்டால் எவன் பதில் போடுவான்? வீரம்மாவுக்கும் எழுத்து வாசனை கிடையாது, முத்தம்மாவுக்கும் கிடையாது. ஆனால் காது இருக்கிறதே. திருவிழாக்களில் பாடி விற்கும் பாட்டு எட்டாத தோட்டம் இந்தப் பேராக் நாட்டில் ஏது? அப்படி யோசித்துத்தான் வீரம்மா மரம் சீவிக்கொண்டே பாட்டைக் கட்டினாள். கிராணியார் யாழ்ப்பாணத்துக்காரர், எழுத்து முத்து முத்தாக இருக்கும். அவள் பாடப் பாட எழுதி, ஈப்போவில் லகாட் ரோட்டில் இருந்த ஓர் அச்சுக்கூடத்துக்குத் தபாலில் அனுப்பினார். அதோடு ஒரு வருஷம் ஒரு தகவலும் இல்லை.

திருவிழாவுக்கு மறுநாள் விஷயத்தைக் கேட்டதும் கிராணியார் கொதித்துப் போனார். தன் கையெழுத்தில் போன தாளை வைத்தே ஒருவன் ஏமாற்றிவிட்டான் என்பதில் அவருக்குத் தனியாக ஒரு ரோஷம்.

"ஞாயிற்றுக்கிழமை ஈப்போவுக்கு வெளிக்கிடு. நானும் வாறன். அவனை ரெண்டில ஒண்டு பாத்திட்டுத்தான் வாறது."

ஈப்போவுக்கு ரயிலில் போகும்போது வீரம்மாவுக்குச் சண்டை போடும் எண்ணமே வரவில்லை. அந்த அடியைத் திரும்பப் போடச் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். ரயில் நிற்கிற ஒவ்வொரு இடத்திலும் ஏறி இறங்கும் பெண்களை உற்று உற்றுப் பார்த்துக்கொண்டு வந்தாள். நான்கு வருஷமாக அவளுக்கு இதே வேலை.

பிச்சைமுத்து நாற்பது வயசுக்காரன். விரல் நகமெல்லாம் மை. காலால் மிதித்து ஓட்டும் அச்சு மெஷினை நிறுத்திவிட்டு, வந்தவர்களுக்கு ஸ்டூல் எடுத்துப் போட்டான். பாட்டின் பேரைச் சொன்னதுதான் தாமதம், முகம் கல்லாகிவிட்டது.

"அது நான் கட்டினது. என் சொந்த மூளைலேருந்து வந்தது. யாருக்கும் பங்கு கெடையாது."

வீரம்மா பாட ஆரம்பித்தாள். புத்தகத்தில் இல்லாத இரண்டு கண்ணிகள் அவளிடம் இருந்தன. பக்கம் போதாது என்று அவன் வெட்டிப் போட்டவை. அவற்றை அவள் வரிசை பிசகாமல் அந்தந்த இடத்தில் வைத்துப் பாடினாள். கடைசி அடிக்கு வந்தாள். வாழைக்காட்டுத் தோட்டத்திலே என்றதும் பிச்சைமுத்து தலையைக் குனிந்துகொண்டான்.

"எல்லா அச்சுக்கூடத்துலயும் இதான்க்கா பழக்கம். தெரியாத ஆளு அனுப்பின பாட்டுக்கு அச்சடிக்கிறவன் பேரைப் போட்டுக்குவோம். நீங்க வக்கீலைக் கூட்டியாந்து கேஸு போடாதீங்க. பினாங்குல வந்த ஒரு புத்தகத்தை எடுத்து இங்க அடிச்சேன்னு இந்தத் தைப்பூசத்துக்கு முன்னால எனக்கு வக்கீல் கடுதாசி வந்துச்சு. அதுலேருந்து எனக்குத் தூக்கமே இல்லை."

கிராணியார் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். சட்டம் பேச ஓர் இடம் கிடைத்தால் அவர் விடுகிற ஆளில்லை.

"கேஸ் போட ஏலாது. அதைத்தான் நானும் ஒரு கிழமையா விசாரிச்சனான். இஞ்ச கோர்ட்டில வேலை செய்யிற என்ர மச்சான் சொன்னவர். பினாங்கு, சிங்கப்பூர் எல்லாம் வெள்ளைக்காரன்ர நேரடி ஆட்சி. பாட்டுக் கட்டினவனுக்குத்தான் பாட்டுச் சொந்தம் எண்டு அங்க பத்துப் பதினாலு வருசமாச் சட்டம் கிடக்கு. இது சுல்தான்ர நாடு. பேராக்கில அப்பிடி ஒரு சட்டம் இன்னும் வரேல்லை. நீ ஆரின்ர பாட்டையும் அடிக்கலாம், ஒருத்தரும் உன்னைக் கேக்க ஏலாது."

"இங்க சட்டமே இல்லியா?"

"இல்லை."

பிச்சைமுத்து சிரித்தான். பல மாசத்துப் பயம் இறங்கிய சிரிப்பு. ஆனால் பாதியிலேயே அது நின்றுபோயிற்று. மைக் கையோடு நெற்றியைப் பிடித்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்தான்.

"அப்ப அந்தப் பொண்ணுகிட்ட நான் பொய் சொல்லியே இருக்க வேணாமே."

"எந்தப் பொண்ணு?" என்றாள் வீரம்மா.

அவன் அவளைப் பார்க்காமல் சொன்னான். தைப்பூசத்துக்கு மறுநாள் ஒருத்தி வந்தாள். தெலுக் ஆன்சன் பக்கம் ஒரு தோட்டமாம். முகத்தில் அம்மைத் தழும்பு. பாட்டைக் கேட்டாளாம், கப்பலில் ஒரே போர்வையை ரெண்டாகக் கிழித்துப் போர்த்திய கதை அதில் வருகிறதாம், அது தனக்கும் தன் அக்காளுக்கும் தவிர யாருக்கும் தெரியாதாம். இந்தப் பாட்டை யார் உங்களுக்குச் சொன்னது, அவள் எங்கே இருக்கிறாள் என்று கேட்டாளாம்.

"நான் பினாங்குக்காரன் அனுப்பின ஆளுன்னு நெனச்சுட்டேன்க்கா. பாட்டுக்குச் சொந்தம் கொண்டாட வந்திருக்குன்னு நெனச்சேன். நானேதான் கட்டினேன், எல்லாம் கற்பனைன்னு சொன்னேன். அது நம்பலை. கற்பூரத்தைக் கொளுத்தி வச்சுச்சு. அடிச்சுச் சத்தியம் பண்ணுங்கன்னு சொல்லுச்சு. நான்..." அவன் உள்ளங்கையை விரித்துப் பார்த்தான். "அடிச்சேன். கடைசி அடி நான் கட்டினதுதானே, அதை மனசுல நெனச்சுக்கிட்டு அடிச்சேன்."

கற்பூரம் அடித்துச் செய்த சத்தியத்தை நம்பாத பெண் எந்த லயத்தில் இருக்கிறாள்? முத்தம்மாவும் நம்பினாள்.

"என்ன சொன்னா?"

"அப்ப எங்கக்கா இல்லைங்களான்னு கேட்டுச்சு. எனக்குத் தெரியாதும்மான்னேன். கொஞ்ச நேரம் இந்த வாசல்லயே நின்னுச்சு. இனிமே எனக்கு இங்க யாரு இருக்கா, நான் அடுத்த கப்பல்லயே ஊருக்குப் போறேன்னு சொல்லிட்டுப் போயிருச்சு."

தெலுக் ஆன்சன் எத்தனை மைல் இருக்கும்? ரயில் ஏறினால் ஒரு பகல். நான்கு வருஷம் இத்தனை பக்கத்திலா இருந்தாள்! வீரம்மா அந்த வாசலைப் பார்த்தாள். கத்த வேண்டும் போல இருந்தது, அவன் கையைப் பிடித்து அந்த மெஷினுக்குள் வைத்து மிதிக்க வேண்டும் போலவும் இருந்தது. ஆனால் அவள் கேட்டதெல்லாம் வேறு. தங்கை இளைத்திருந்தாளா? கண் நன்றாகத் தெரிகிறதா? அம்மை கண்ணைத் தொடவில்லையே?

"கண்ணு நல்லாத்தான் இருந்துச்சு. நல்லாப் பாடவும் செஞ்சுச்சு."

"பாடினாளா?"

"நான் அக்காவுக்குத் தங்கச்சிதான்னு காட்டணுமின்னு, அந்தப் போர்வை அடிக்குப் பதில் சொல்ற மாதிரி அடி ஒண்ணு பாடுச்சு." பிச்சைமுத்துவின் குரல் இன்னும் இறங்கிப்போயிற்று. "நல்லா இருந்துச்சுக்கா. அதையும் நான் ரெண்டாம் பதிப்புல சேத்துட்டேன்."

மேஜையிலிருந்து புதுப் புத்தகம் ஒன்றை எடுத்து அவன் நீட்டினான். கிராணியார் வாங்கிப் படித்தார். சட்டம் பேசிய குரல் அவருக்கு இப்போது வரவில்லை.

"பாதியிலே படுத்துறங்கிப் பனிக்காலம் போக்கினேன்டி
மீதியை நீ வச்சிருந்தா மேலபோட்டு உறங்கடி"

வீரம்மா இன்னொரு தரம் படிக்கச் சொன்னாள். அப்புறம் இன்னொரு தரம். நான்கு வருஷத்துக்குப் பிறகு தங்கை பேசுகிறாள், திருட்டுப் புத்தகத்தில், வேறொருவன் பேரில். அழுகை அப்போதுதான் வந்தது.

அழுது முடித்து அவள் நிமிர்ந்தபோது பிச்சைமுத்து கடைசி அடிக்கு ஈய எழுத்து பொறுக்கிக்கொண்டிருந்தான். இந்த முறை சரியாகப் போடுகிறேன், வீரம்மா என்று போடுகிறேன், வாழைக்காட்டுத் தோட்டம் என்றும் போடுகிறேன் என்றான்.

"முத்தம்மா பேரையும் போடுங்க. ரெண்டு பேரும் கட்டினதுன்னு போடுங்க. கப்பலேறிப் போறவங்க இந்தப் புத்தகத்தைக் கொண்டு போவாங்களா?"

"மூட்டை மூட்டையாக் கொண்டு போவாங்கக்கா. நாகப்பட்டினத்துல எறங்கினதும் அங்க உள்ளவன் எடுத்து அடிச்சிருவான்." சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டான். "கவலைப்படாதீங்க. அட்டையில பெருசா ஒரு வரி போட்டுர்றேன். இதன் உரிமை பதிவு செய்யப்பட்டது, யாரும் அச்சிடக் கூடாதுன்னு. சட்டம் இருக்கோ இல்லியோ, படிச்சா பயப்படுவான்லா."

"வேணாம்," என்றாள் வீரம்மா.

"ஏன்க்கா?"

"யாரு வேணும்னாலும் அடிங்கன்னு போடுங்க. பினாங்குல அடிக்கட்டும், நாகப்பட்டினத்துல அடிக்கட்டும், திருடியாச்சும் அடிக்கட்டும். எங்க ரெண்டு பேர் பேரை மட்டும் எடுத்துராதீங்கன்னு கெஞ்சிக் கேட்டுப் போடுங்க."

பிச்சைமுத்து கிராணியாரைப் பார்த்தான். அவர் தலையை ஆட்டினார். அவன் அந்த வரிக்கு எழுத்துகளை ஒவ்வொன்றாகப் பொறுக்க ஆரம்பித்தான்.