செவ்வாயும் வெள்ளியும்

திண்டுக்கல்லில் ஒரு சிறிய சமாதான அமைப்பில் ரோஸ்மேரிக்குக் கம்ப்யூட்டர் வேலை. அந்த வருஷம், 2008-ல், அகரம் பக்கத்து ஊர் ஒன்றில் மேலத்தெருவும் கீழத்தெருவும் குழாயடியில் முட்டிக்கொண்டு, மண்டை உடைகிற அளவுக்குப் போய்விட்டது. ஆறு மாதத்தில் பதினான்கு சண்டை. தேதி, இடம், யார் முதலில் கை நீட்டியது என எல்லாவற்றையும் எக்செல்லில் ஏற்றி, ஒரே திரையில் தெரிகிற மாதிரி வண்ணப் படங்களாக்கியிருந்தாள். ஆபீஸில் அதை டேஷ்போர்டு என்பார்கள்.

அமைதிக் கூட்டத்தன்று காலையில் எல்லாவற்றையும் ஒருமுறை ஓட்டிப் பார்த்தாள். முதலில் கை நீட்டியது எந்தத் தெரு என்ற படத்தில் கீழத்தெருவுக்கு ஒன்பது, மேலத்தெருவுக்கு ஐந்து. இதைக் காட்டினால் நாமே கொளுத்திவிட்ட மாதிரி ஆகிவிடும் என்று அந்தப் படத்தை மட்டும் எடுத்துவிட்டாள்.

சமுதாயக்கூடத்துச் சுவரில் புரொஜெக்டர் படம் விழுந்ததும் மேலத்தெரு கருப்பணன் எழுந்தார்.

"ஏம்மா, அம்புட்டுக்கும் எந்தத் தெரு காரணம்னு காட்டு. அதுக்குத்தானே வந்தோம்?"

கீழத்தெரு ஆட்கள் சடாரென்று எழுந்தார்கள். ரோஸ்மேரி அவசரமாக அடுத்த படத்தைத் தட்டினாள்.

"அதைக் கொண்டுவரலைங்கய்யா. எந்தக் கிழமையில நடந்துச்சுன்னு மட்டும் பாருங்க."

ஏழு கட்டங்களில் இரண்டுதான் சிவப்பாக இருந்தன. செவ்வாயும் வெள்ளியும். பதினான்கில் பன்னிரண்டு சண்டை அந்த இரண்டு நாளில்தான்.

கீழத்தெரு ஒச்சாயி கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள். "அந்த ரெண்டு நாளுந்தானே தண்ணி நூல் மாதிரி வருது?"

"எங்களுக்கும் அப்படித்தேன்" என்றார் கருப்பணன், தன்னையறியாமல்.

எல்லார் பார்வையும் ஊர்த் தண்ணீர் மோட்டார் போடுகிற பெருமாள்சாமி மேல் போனது. அவர் துண்டால் முகத்தைத் துடைத்தார்.

"அந்த ரெண்டு நாளும் பக்கத்து ஊரு மோட்டாரையும் நாந்தேன் பாக்கணும். இங்க அரைமணியில நிறுத்திட்டு ஓடிருவேன். சொல்லாம விட்டது தப்புதேன்."

பிறகு கருப்பணன் உட்கார்ந்தார். அவரைப் பார்த்துக் கீழத்தெரு ஆட்களும் உட்கார்ந்தார்கள். அந்த இரண்டு நாளும் பெருமாள்சாமி பக்கத்து ஊருக்குப் போகும் முன், விடியற்காலையிலேயே மோட்டாரைப் போட்டு இரண்டு மணி நேரம் ஓடவிடுவதென்று முடிவானது.

இரண்டு மாதம் கழித்து ஒச்சாயிக்குப் போன் போட்டு விசாரித்தாள்.

"ஒரே ஒரு சண்டைம்மா. ஆடு மேஞ்சதுக்கு. ரெண்டு பேருமே மேலத்தெருதேன்!"

ரோஸ்மேரி வாய்விட்டுச் சிரித்துவிட்டாள்.