தங்கச்சிக்குக் கொடுத்த கிரீம்

அக்கா அழகு நிலையம் நடத்திக்கொண்டிருந்தாள். தங்கையோ வீட்டில் குழந்தையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். நடை பழகிய புதிதிலேயே வாய் ஓயாமல் பேசியதால் அந்தப் பெண்குழந்தைக்கு 'ரேடியோ' என்றே பெயராகிவிட்டது. அந்த ரேடியோ சில வாரங்களாகப் பேச்சை விட்டு அழுகையை மட்டுமே ஒலிபரப்பியது. உள்ளங்கையும் பாதமும் சிவந்து தோல் உரிந்தது. மின்விசிறிக்கு அடியில் கிடந்தும் வேர்த்துக் கொட்டியது. நடந்த பிள்ளை காலை ஊன்ற மாட்டேன் என்றது.

ஒரு டாக்டர் அலர்ஜி என்றார், இன்னொருவர் வைரஸ் என்றார். கடைசியில் பெரிய ஆஸ்பத்திரியில்தான் ஒருவர் அந்தச் சின்னக் கையில் பட்டையைச் சுற்றி ரத்த அழுத்தம் பார்த்தார். கிழவர்களுக்கு இருக்கிற அழுத்தம்! சிறுநீரைச் சோதனைக்கு அனுப்பினார். பாதரசம் என்று முடிவு வந்தது.

அது எங்கிருந்து வந்தது என்று தேடிச் சுகாதாரத் துறை டாக்டரம்மா வீட்டுக்கே வந்தார். தங்கைக்குத் துணையாக அக்காவும் இருந்தாள்.

"வீட்டுல தெர்மாமீட்டர் ஏதாச்சும் உடைஞ்சுதா? குழந்தைக்கு வேற மருந்து கொடுத்தீங்களா?"

"இல்லைங்க," என்றாள் தங்கை.

குளியலறை அலமாரியில் பெயர் ஒட்டாத வெள்ளை டப்பா ஒன்று இருந்தது. டாக்டரம்மா பாதரசம் காட்டும் கருவியை அதன்மேல் வைத்தார். முகம் மாறியது.

"இதை யாரு போடுறா?"

"நான்தாங்க, முகம் வெளுக்கிறதுக்கு. பாப்பாவுக்குப் போட்டதே இல்ல, சத்தியமா!"

"நீங்க போட்டாலே போதும்மா. கன்னத்தோட கன்னம் வச்சுத்தானே தூங்க வைக்கிறீங்க? தலையணை, துண்டு, உங்க கை, எல்லாத்துலயும் இருக்கும். எங்க வாங்கினீங்க?"

தங்கை அக்காவை ஒரு கணம் பார்த்தாள். "சந்தையில. ஆளு யாருன்னு தெரியாது."

'போட்டுப் பாருடி, உன் புருஷனுக்கே உன்னை அடையாளம் தெரியாது' என்று சிரித்துக்கொண்டே அதைக் கொடுத்தவள் அக்காதானே. ஒரு வியாபாரி வாளியில் கொண்டுவந்து தருவதை டப்பாக்களில் அடைத்து விற்றுவந்தாள். ஒருநாள் அடைக்கும்போது விரலில் இருந்த தங்க மோதிரம் வெளுத்துப்போனது. தங்கத்தையே இந்தப் பாடு படுத்துவது தோலை என்ன செய்யும் என்று அன்றே தோன்றியது. தோன்றியும், மோதிரத்தைக் கழற்றி வைத்துவிட்டு வேலையைத் தொடர்ந்தாள். கிரீமைக் கேட்டுக் கடை வாசலில் ஆட்கள் நின்ற நேரம் அது.

டாக்டரம்மா எழுந்தார். "வித்தவங்க கிடைச்சா வேற யாரு வாங்கினாங்கன்னு தெரியும். இல்லேன்னா இன்னொரு பிள்ளை ஆஸ்பத்திரிக்கு வந்தப்புறம்தான் நமக்குத் தெரியும். வயித்துல இருக்கிற குழந்தையைக்கூட இது விடாது."

அக்காவுக்கு, கடைக்கு வழக்கமாக வரும் டீச்சர் ஒருத்தியின் முகம் வந்து நின்றது. போன வாரம்தான் டப்பா வாங்கிப் போனாள், நிறைமாதத்தோடு.

"நான்தாங்க வித்தேன்."

"அக்கா!" என்றாள் தங்கை.

"எனக்காகப் பொய் சொல்லாதடி. அதுதான் என்னைக் கொல்லுது."

டாக்டரம்மா திட்டவில்லை. நாலு வார்த்தை திட்டியிருந்தால் மனசு கொஞ்சம் ஆறியிருக்கும். "வாங்க, ஒவ்வொரு வீடா காட்டுங்க," என்று மட்டும் சொன்னார்.

ஒரு வீட்டில் கதவை முகத்தில் அறைந்து சாத்தினார்கள். இன்னொரு வீட்டில் மணப்பெண்ணின் அம்மா, "கல்யாணம் முடியட்டும், அப்புறம் எடுத்துக்கோங்க" என்று பேரம் பேசினாள். "என் தங்கச்சி பிள்ளை நடக்க முடியாம கிடக்கு, கொடுங்க" என்று அக்கா கையை நீட்டியபடியே நின்று வாங்கினாள். டீச்சர் சிரித்தபடி கதவைத் திறந்தாள். விஷயம் கேட்டதும் அவள் கை தானாக வயிற்றுக்குப் போனது.

"குழந்தைக்கு ஒண்ணும் ஆகாதுல்ல?"

"சோதிச்சுப் பார்ப்போம்மா. இன்னிக்கே நிறுத்திடுங்க," என்றார் டாக்டரம்மா.

அக்கா காட்டிக்கொடுத்ததில் வியாபாரி பிடிபட்டான். தங்கை வீட்டு மெத்தை, தலையணை, துண்டு எல்லாவற்றையும் கட்டி எடுத்துப்போனார்கள். பாதரசத்தைப் பிடித்து இழுத்துச் சிறுநீரோடு வெளியேற்றும் மருந்தை ரேடியோவுக்கு விட்டுவிட்டுக் கொடுத்தார்கள். அழுத்தம் மெல்ல இறங்கியது. சுவரைப் பிடித்து நடந்தாள். ஒருநாள் பெரியம்மாவைப் பார்த்து, "தூக்கு" என்றாள். அக்கா தூக்கிக்கொண்டாள். தங்கை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. குறை சொல்லாததுதான் அக்காவை உள்ளே அரித்தது.

டீச்சருக்கு ஆண் குழந்தை பிறந்தது. பார்வைக்கு நன்றாகத்தான் இருந்தான். வளர வளரத்தான் தெரியும் என்றார்கள் டாக்டர்கள். அக்கா பார்க்கப் போனாள். "உள்ள வாங்க, உக்காருங்க" என்று டீச்சர் மரியாதையாகத்தான் சொன்னாள். ஆனால் குழந்தையை நீட்டவில்லை. அக்காவும் கேட்கவில்லை.