ஒற்றைச் சஹன்

1

இந்தக் கதை ஒரு ஜீப் சாரதியிடமிருந்து எனக்கு இனாமாகக் கிடைத்தது. யுத்தம் முடிந்து குமணக் காடு மறுபடி திறந்த பிறகு, சாய்ந்தமருதுக் குடும்பமொன்று மிருகம் பார்க்க வந்துவிட்டுச் சாப்பாட்டுத் தட்டையே பார்த்துக்கொண்டிருந்ததாம். அவ்வளவுதான் சொன்னார். மீதியெல்லாம் என் கைச்சரக்கு.

2

தொடக்கம் ஒன்று: கிழக்கு வானம் சிவக்க, மயில்கள் தோகை விரித்து—

(வேண்டாம். பள்ளிக்கூடக் கட்டுரையாகிவிடும்.)

தொடக்கம் இரண்டு: ஜீப்பில் பரீனா நடுவில் இருந்தாள். ஒரு பக்கம் புருஷன் மசூர், மறுபக்கம் அவள் காக்கா என்றழைக்கும் அண்ணன் றவூப். சுனாமிக்குப் பிறகு றவூப் மசூரோடு ஒரு வார்த்தை கதைத்ததில்லை. அதனால்தான் பரீனா வேண்டுமென்றே ஒரேயொரு சஹன் எடுத்துவந்தாள்.*

*பலர் சுற்றியிருந்து ஒன்றாகச் சாப்பிடும் பெரிய தட்டு. அதில் கைவைத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டிருப்பது கஷ்டம்.

3

கோபத்துக்குக் காரணம் வேண்டுமே. காணித் தகராறு என்று எழுதினேன். எங்கள் பக்கத்தில் அதை யாரும் கேள்வி கேட்கமாட்டார்கள். கதைக்குள்ளிருந்து பரீனாதான் கேட்டாள்.

"காணியெண்டு எழுதாதீங்க. எங்கட காக்கா காணிக்குக் கோவிக்கிற மனிசன் இல்ல."

"அப்ப எதுக்கு?"

"உங்களுக்குத் தெரியும். எழுதப் பயம்."

சரி, எழுதிவிடுகிறேன். தண்ணீர் வந்த அன்று றவூபின் மனைவி ஹப்ஸா வீட்டுக்குள் இருந்தாள். அவளை எடுக்கத் திரும்பி ஓடிய றவூபை மசூர் இடுப்போடு சேர்த்துப் பிடித்தான். விடவே இல்லை. றவூப் பிழைத்தான், ஹப்ஸா போய்விட்டாள். அந்தப் பிடியைத்தான் அவனால் மன்னிக்க முடியவில்லை. விளையாட்டாகத் தொடங்கிய நான் காணித் தகராறை வெட்டிவிட்டேன்.

4

ஜீப்பை விட்டிறங்கி, பற்றைப் புதர்களுக்கிடையே நடைபாதையில் போனார்கள். றவூப் முன்னால், மசூர் கடைசியில், சஹனைத் தலையில் வைத்த பரீனா நடுவில். கடற்கரை மரநிழலில் பாய் விரித்துப் புரியாணியைக் கொட்டினாள். மசூர் உட்கார்ந்து கைவைத்தான்.

"எனக்குப் பசியில்ல புள்ள," என்று தங்கச்சியிடம் மட்டும் சொல்லிவிட்டு றவூப் கடல் பக்கம் நடந்தான்.

இந்த இடத்தில் ஒரு யானையை விடலாம். பயத்தில் இருவரும் கட்டிப்பிடித்துக்கொள்வார்கள். [யானை தும்பிக்கையைத் தூக்கியபடி—]

"இத்தன வருசக் கோவத்த யானைட தலையில கட்டப் போறீங்களா?" என்றாள் பரீனா.

யானையைத் திருப்பி அனுப்பினேன். அதற்குள் ஒரு குரங்கு பொரித்த கோழிக்காலோடு மரமேறிவிட்டது. அது நான் எழுதாதது.

5

றவூப் முழங்காலளவு தண்ணீரில் நின்றான். மசூர் சோற்றுக்கையோடு ஓடிவந்தான். பிடிக்க நீட்டிய கை பாதியில் நின்றுவிட்டது. பிடித்தால் அதே பழைய பிடி. பிடிக்காமல் விட்டால்—

றவூப் திரும்பாமலே வாய் திறந்தான். இரண்டு விதமாக எழுதி வைத்திருக்கிறேன்.

"கைய எடு, மச்சான்."

"கையப் பிடி, மச்சான்."

எனக்கு வெட்ட மனம் வரவில்லை. பேனையை நீங்களே பிடியுங்கள். ஒன்றை வெட்டிவிடுங்கள்.

பரீனா பாயிலிருந்து சொல்லியனுப்புகிறாள்:

"எத வெட்டினாலும் அந்த 'மச்சான்' இருக்கட்டும். சோறு ஆறப்போகுது."