ஜனவரியின் முதல் வாரம்

எதை எத்தனை நாள் வைத்திருப்பது, எதை அழிப்பது என்று பார்ப்பதுதான் ரெத்னானிங்கின் வேலை. ஜகார்த்தாவின் அந்தப் பார்சல் நிறுவனத்தில் ஒவ்வொரு கூரியரின் பைக்கும் எங்கே போனது, எங்கே நின்றது என்பதெல்லாம் தேடல் தரவுத்தளத்தில் நாளுக்கொரு தொகுப்பாக வந்து குவியும். குவிந்தவற்றுக்கு ஓர் ஆயுள் விதி உண்டு. ஆறு மாதம் கடந்தால் தானாக அழிந்துவிடும். பெருநாள் நெருங்க நெருங்கப் பார்சல்கள் பெருகி, சர்வரில் இடமில்லாமல் போயிற்று. ஆறு மாதத்தை இரண்டாகக் குறைக்கச் சொல்லிவிட்டார் மேலாளர் ஹெர்மவான்.

ஒரு எண்ணை மாற்றினால் முடிந்தது. ஆனால் கூரியர் ஜுபைதி வந்து கேட்டுவிட்டுப் போயிருந்தார். ஜனவரி வெள்ளத்தில் இடுப்பளவு தண்ணீரில் பைக்கைத் தள்ளிக்கொண்டு அலைந்த கூரியர்களுக்கு, வேலைக்கே வரவில்லை என்று சம்பளத்தைப் பிடித்திருந்தார்கள். பெருநாள் முடிந்ததும் தொழிலாளர் அலுவலகத்தில் விசாரணை.

"நாங்க எங்க நின்னோம்னு உங்க சர்வருக்குத் தெரியும்ல அக்கா? அதை மட்டும் வச்சிருங்க."

"வச்சிர்றேண்ணே," என்று இவளும் சொல்லிவிட்டாள்.

ஹெர்மவானிடம் கேட்டபோது அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "தனியா ஒரு விதி போட்டு வச்சுக்கம்மா. சும்மா சும்மா என்கிட்ட வராத."

மாலையில் உட்கார்ந்து, அழிக்காமல் வைத்திருக்கும் புதிய விதி ஒன்றை எழுதினாள். கூரியர் தரவின் டெம்ப்ளேட்டில் அதன் பெயரைச் சேர்த்தாள். பிறகு பழைய விதியில் ஆறை இரண்டாக்கி, சரிபார்க்காமலே சேமித்தாள். நோன்புக் களைப்பு என்று சொல்லிக்கொள்ளலாம். ஆனால் அது பசியில்லை என்று அவளுக்குத் தெரியும். முடிந்தது என்று சொல்லி எழுந்துவிட வேண்டும் என்ற ஆசை, சில மாதங்களாகவே எல்லா வேலையின் நடுவிலும் வந்து உட்கார்ந்துகொள்கிறது.

பக்கத்து இருக்கையில் தெகூ திரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். "அழிக்க ஆரம்பிச்சிருச்சு அக்கா. என்ன, ஆமை வேகம். சர்வரும் நோன்பு பிடிக்குது போல."

"நீதான் மத்தியானம் திருட்டுத்தனமா பக்சோ சூப் குடிச்ச. சர்வராவது பிடிக்கட்டும்."

"யாருக்கா சொன்னது?" என்று சிரித்தவன், சற்றுக் கழித்துச் சிரிக்காமல் சொன்னான். "அக்கா, நாம கணக்குப் போட்டதைவிட நிறைய இடம் காலியாகுதே."

அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. டெம்ப்ளேட் இனிமேல் உருவாகப்போகும் தொகுப்புகளுக்கு மட்டும்தான் விதி சொல்லும். ஏற்கெனவே இருப்பவை பழைய விதியோடுதான் கட்டுண்டு கிடக்கின்றன. ஒவ்வொன்றையும் தனியாக அவிழ்த்து மாற்றியிருக்க வேண்டும். புதிதாகச் சேருகிறவர்களுக்கு அவளே பாடமாகச் சொல்வது இது.

நிறுத்தும் கட்டளையை அடித்தாள். நின்றபோது ஜனவரியின் முதல் வாரம் போயிருந்தது. மிச்சம் இருந்தது. காப்புப் பிரதி எடுப்பதைச் செலவென்று போன வருடமே நிறுத்திவிட்டார்கள்.

ஹெர்மவானுக்குப் போன் செய்தாள். அவர் சாலை நெரிசலில் இருந்தார், ஹாரன் சத்தம் கேட்டது.

"சரி, போனது போகட்டும். நிறுத்தினதை எடுத்து விடும்மா. மிச்சமும் போயிரட்டும். பாதி இருந்தாத்தான் மீதி எங்கேன்னு விசாரணையில கேப்பாங்க. ஒண்ணுமே இல்லேன்னா, விதிப்படி அழிஞ்சுதுன்னு சொல்லிரலாம். உனக்கும் நல்லது."

"உனக்கும் நல்லது" என்பதில் மிரட்டல் எதுவும் இல்லை. உண்மையான அக்கறைதான். அதுதான் அவளுக்கு அதிகமாக அலுப்பூட்டியது. இணங்கிவிடுவது எவ்வளவு சுலபம் என்று யோசித்தாள். கையைக்கூட அசைக்க வேண்டியதில்லை. விதி தன் பாட்டுக்குச் செய்துவிடும்.

"இல்ல சார். மிச்ச நாளைப் புது விதிக்கு மாத்திட்டுத்தான் எடுத்து விடுவேன்," என்று வைத்துவிட்டாள்.

மிஞ்சிய நாள்களை ஒவ்வொன்றாகப் பழைய விதியிலிருந்து எடுத்துப் புதியதில் சேர்த்தாள். பாங்கு ஒலித்தது. தெகூ பேரீச்சம்பழத்தை நீட்டினான். ஒன்றை வாயில் போட்டுக்கொண்டு, கொட்டையைத் துப்ப மறந்து வேலையைத் தொடர்ந்தாள். எல்லாவற்றையும் ஒருமுறை சரிபார்த்த பிறகுதான் நிறுத்தியதை மீண்டும் ஓடவிட்டாள்.

பிறகு ஜுபைதியை அழைத்தாள். சுற்றி வளைக்கத் தெம்பில்லை. "அண்ணே, முதல் வாரம் அழிஞ்சுபோச்சு. என் தப்பு. மத்த நாளெல்லாம் பத்திரமா இருக்கு."

அந்தப் பக்கம் தட்டில் கரண்டி படும் சத்தம் நின்றது.

"எனக்குச் சம்பளம் பிடிச்சது முதல் வாரத்துக்குத்தான் அக்கா," என்றார். சற்றுப் பொறுத்து, "மத்த பசங்களோடது இருக்குல்ல?"

"இருக்குண்ணே."

"அப்ப ஒண்ணு பண்ணுங்க. அந்த வாரம் இருந்துச்சு, ஆபீஸ்லதான் அழிஞ்சுதுன்னு உங்க பேர் போட்டு எழுதித் தருவீங்களா?"

ஹெர்மவான் என்ன சொல்வார், வேலை என்னவாகும் என்றெல்லாம் நினைத்துப் பார்க்க அவளிடம் பலம் மிச்சமிருக்கவில்லை.

"தர்றேன்," என்று சொல்வது காதில் விழுந்தது. அவள் குரல்தான்.