இரண்டு இடத்தில் இருந்த வாத்தியார்

மனைவி படுக்கையில் விழுந்த வாரத்திலிருந்து கணினி வாத்தியார் ஒரே நேரத்தில் இரண்டு இடங்களில் இருக்கத் தொடங்கினார். வெங்காய விலை இறங்கிய வாரமும் அதுவேதான் என்பதால், தெருவில் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மாலையில் பயிற்சி மையத்தின் மாடி அறையில் கரும்பலகையில் எழுதிக்கொண்டிருப்பார். அதே மாலையில் வீட்டில் மனைவியின் கால்களைப் பிடித்துவிட்டுக்கொண்டும் இருப்பார். இரண்டுக்கும் நடுவில் கடை வைத்திருந்த மருந்துக்கடைக்காரர், இரண்டு பக்கமும் அவர் குரலை ஒருசேரக் கேட்டதாகச் சொன்னார். கேட்கத்தான் முடியும். யாராவது பார்த்துவிட்டால் வாத்தியார் ஓரிடத்தில் மட்டும் நிற்பார், இன்னோரிடத்தில் இல்லாமல் போவார். எந்த இடம் என்பது பார்க்கிறவர் கையிலும் இல்லை, வாத்தியார் கையிலும் இல்லை.

அவர் அதுவரை கணக்கு எழுதும் மென்பொருள் சொல்லிக்கொடுத்தவர். மைய முதலாளி எங்கேயோ கேள்விப்பட்டு, குவாண்டம் கணினி வகுப்பு என்று பலகை மாட்டிவிட்டார். ஆட்கள் சேர்ந்த பிறகுதான் வாத்தியாருக்கே விஷயம் தெரியும். காலையில் புத்தகத்தோடு மல்லுக்கட்டி, புரிந்ததை மாலையில் சொல்வார். புரியாத இடம் வந்தால், "இது எனக்கும் இன்னும் பிடிபடல, நாளைக்குச் சேர்ந்து பாப்போம்" என்பார். அதற்காகவே அவரை எல்லோருக்கும் பிடித்தது. சாதாரண பிட் பூஜ்யமாகவோ ஒன்றாகவோ இருக்கும், குவாண்டம் கணினியின் கியூபிட் பார்க்கும்வரை இரண்டுமாகக் கலந்து இருக்கும் என்று அவர் சொன்ன நாளில் எலெக்ட்ரீஷியன் கையைத் தூக்கினார்.

"லைட் எரியுது, எரியலைன்னு ரெண்டையும் சொன்னா வீட்டுக்காரங்க கூலி குடுப்பாங்களா சார்?"

"பாதி குடுப்பாங்க," என்றார் பின்வரிசைத் தையல்காரம்மா.

வாத்தியாரின் நிலைமை தெரிந்த நாளில் அந்தம்மா தம் நாற்காலியைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். மற்றவர்களும் திருப்பிக்கொண்டார்கள். பலகையில் எழுதுவதையெல்லாம் வாத்தியார் வாயாலும் சொன்னார். கதவுக் கண்ணாடி வழியே அடிக்கடி எட்டிப் பார்க்கும் வழக்கமுள்ள முதலாளி, அதன்மேல் பழைய காலண்டர் தாளை ஒட்டிவிட்டு, வெயில் கண்ணைக் கூசுகிறது என்றார். அந்தப் பக்கம் வெயிலே வராது. ஒருவரைப் பார்க்காமல் இருப்பதையும் கடவுள் ஓர் உதவியாகத்தான் ஏற்றுக்கொண்டிருப்பார்.

வீட்டில் மனைவியும் கண்களை மூடியே கிடந்தார். தேறும் நோயில்லை என்று மருத்துவர் சொல்லியாகிவிட்டது. வேலையை விட்டால் வலி மருந்து நின்றுவிடும். ஆகவே அந்தம்மாவுக்குக் கணவரின் கை கிடைத்தது, பேச்சு கிடைத்தது, முகம் மட்டும் கிடைக்கவில்லை. மாதங்கள் இப்படியே போயின. மூச்சு குறுகிப்போன ஒரு மாலையில் கேட்டார்.

"ஏங்க, ஒரே ஒரு தடவை பாத்துக்கட்டுமா?"

"பாத்தா நான் இல்லாமப் போயிட்டேன்னா? பாதிக்குப் பாதிதான்."

"சரி, பேசிக்கிட்டே இருங்க. இனி தாங்காதுன்னு தோணுறப்ப திறந்துக்கறேன்."

மாடி அறையில் வாத்தியாரின் பாடம் அந்த நொடியே தடைபட்டது. அவரைப் பல வாரங்கள் அலைக்கழித்த பாடம் அது: பார்க்கும்போது எது கிடைக்கும் என்று கட்டளையிட முடியாது, ஆனால் வேண்டாத விடைக்குப் போகும் வழிகளை, பார்ப்பதற்கு முன்பே ஒன்றையொன்று அழித்துக்கொள்ளச் செய்துவிட்டால் வேண்டியது மிஞ்சும். சுவரைப் பார்த்திருந்த முதுகுகளிடம் அவர் சொன்னார், "வீட்டுல கண்ணைத் திறக்கப் போறாங்க. எனக்குப் பயமா இருக்கு."

"நீங்க இங்க இருக்கறதுக்கு எங்களைத் தவிர வேற காரணம் உண்டா சார்?" என்று கேட்டார் எலெக்ட்ரீஷியன்.

"இல்லப்பா."

"அப்ப நாங்க கிளம்பறோம்."

"பாடம் முடியலையே?"

"புரிஞ்சிடுச்சு சார்," என்றார் தையல்காரம்மா.

திரும்பிப் பார்க்காமல், சுவரைத் தடவிக்கொண்டே ஒருவர் பின் ஒருவராக வெளியேறினார்கள். கடைசியாகப் போனவர் விளக்கை அணைத்தார். முதலாளி, சம்பளம் பிடிக்க மாட்டேன் என்று மூடிய கதவைப் பார்த்து உரக்கச் சொல்லிவிட்டு மையத்தையே பூட்டினார். படிக்கட்டில் நின்று தையல்காரம்மா வேண்டிக்கொண்டார்.

வீட்டில் மனைவி கண்களைத் திறந்தார். வாத்தியார் இருந்தார், நாற்காலி முனகும் கனத்தோடு, முழுசாக.

"என்னங்க இப்படி நரைச்சுப் போச்சு? யாரும் சொல்லலையா?"

"யாரும் பாக்கலையே."

அந்தம்மா சிரித்தார். பிறகு பார்த்துக்கொண்டே இருந்தார். மூச்சு நின்ற பிறகும் அந்தக் கண்கள் வாத்தியாரை விட்டு அகலவில்லை. அவற்றை அவர்தான் மூடவேண்டியிருந்தது.

அடக்கம் முடிந்த பின் ஒரு மாலை வாத்தியார் மாடியேறி வந்தார். மாணவர்கள் சுவரைப் பார்த்தே உட்கார்ந்திருந்தார்கள். அவர் சாக்பீஸை எடுத்தார்.

"திரும்பி உக்காருங்க," என்றார். "இனிமே பாக்கலாம். எனக்கு வேற இடம் இல்ல."

நாற்காலிகள் திரும்பின. எல்லோரும் பார்த்தார்கள், அவர் அங்கேயே இருந்தார். விட்ட இடத்திலிருந்து பாடம் தொடங்கியது.