வாலைப் பார்த்த குதிரைக்காரர்கள்

குதிரைகளை எடுத்தால்தான் அம்மாவைக் கிடத்த முடியும். நவமணி தட்டுத் தட்டாகத் தூக்கிச் சமையல்கட்டுக்குக் கொண்டுபோனாள். பச்சைத் தகடுகளில் ஒட்டிய ஐந்து டஜன் பிளாஸ்டிக் குதிரைகள், முதுகில் வாளேந்திய சிப்பாய்கள். ஒட்டிய கம் பசை இன்னும் காயவில்லை. அவசரத்தில் ஒரு குதிரை சரிந்தது. நிமிர்த்த நேரமில்லை. வாசலில் நாலு பேர் அம்மா இருளாயியின் உடலைத் தாங்கிக்கொண்டு நின்றார்கள்.

காலையில் குழாயடிக்குப் போனவள், வாளி நிறையும் முன்பே விழுந்துவிட்டாள். அப்பா சன்னாசி சவப்பெட்டி சொல்லிவர சிலிம் ரிவர் பட்டணத்துக்குப் போயிருந்தார்.

பக்கத்து வீட்டு வீரம்மா தலைமாட்டில் உட்கார்ந்து நந்தியாவட்டைப் பூவை மாலையாகக் கோத்துக்கொண்டிருந்தாள். பாதியில் நூல் ஊசியை விட்டு நழுவியது. நுனியை எச்சில் தொட்டு மூன்று தடவை முயன்றாள். நுழையவில்லை. சட்டென்று திரும்பி, ஊசியையும் நூலையும் பிணத்தின் பக்கம் நீட்டினாள்.

"இந்தா இருளாயி, கோத்துக் குடு."

நீட்டிய கை அப்படியே நின்றது. "ஐயோ, பழக்கம்லா!" என்று முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். சுற்றியிருந்த பெண்களும் ஓவென்று அழுதார்கள்.

நவமணி அழவில்லை.

"அம்மாவா ஒங்களுக்கு ஊசி கோத்துக் குடுக்கும்?"

"வேற யாரு? போன சனிக்கிழமகூட ஜாக்கெட்டுக்குக் கொக்கி தைக்க அவதான் கோத்தா. ஒரே குத்துதான். கழுகுக் கண்ணுலா அவளுக்கு!"

"அம்மாவுக்குத்தான் கிட்டத்துல இருக்கறது தெரியாதே, அத்தே."

வீரம்மாவின் அழுகை நின்றது. இருளாயியைப் பார்த்தாள், பிறகு நவமணியை. குனிந்து, உதிராத பூவைப் பொறுக்குவதுபோலத் தரையைத் தடவினாள்.

"அவ பயந்தவ, ஆயி. பஸ் ஏறிப் படிக்கப் போற பொண்ணு தோட்டத்து லயத்து வீட்டுக்குத் திரும்பாதும்பா. விடு. போனவளப் போயி என்னா பேசறது?"

எழுபத்தாறாம் வருஷம் நவமணி இடைநிலைப்பள்ளியில் பாரம் இரண்டு படித்துக்கொண்டிருந்தாள். ஈப்போ பொம்மைத் தொழிற்சாலையிலிருந்து மூட்டை வரும், அம்மா வீட்டிலேயே ஒட்டிக் கொடுப்பாள். ஒருநாள் பள்ளிவிட்டு வந்தபோது, தட்டில் பன்னிரண்டு சிப்பாய்களும் குதிரையின் வாலைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்கள். நவமணி விழுந்து விழுந்து சிரித்தாள். அம்மா சிரிக்கவில்லை. "தலையும் வாலும் ஒன்னாத் தெரியுதுடி எனக்கு. கண்ணாடி போட்டாலும் தேறாதுன்னுட்டாரு டாக்டரு" என்றாள். மறுவாரம் புத்தகப்பை பரண்மேல் ஏறியது, ஒட்டுகிற வேலை நவமணியின் கைக்கு வந்தது. மூன்று வருஷமாகக் கம் பட்டு நவமணியின் விரல்நுனியெல்லாம் உரிந்துகிடக்கிறது.

அந்தப் பன்னிரண்டையும் நவமணியேதான் பிய்த்துத் திருப்பி ஒட்டினாள். இப்போது நினைத்துப் பார்த்தாள். அம்மா ஒட்டியிருந்ததில் ஒன்றுகூடக் கோணலில்லை. சேணத்துக்கு வெளியே ஒரு சொட்டுக் கம் வழியவில்லை.

அம்மாவின் கைகள் வயிற்றின்மேல் கட்டப்பட்டிருந்தன. வழவழவென்ற விரல்கள்.

"வெயிலு ஏறுது. ஒனக்கு இளங்கண்ணு, நீயாச்சும் கோத்துக் குடு ஆயி" என்றாள் வீரம்மா.

நவமணி ஊசியை வாங்கி விளக்குக்கு நேரே பிடித்தாள். ஊசிக் காதுக்குள் சுடர் ஒரு புள்ளியாகத் தெரிந்தது. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, ஊசியைத் திருப்பிக் கொடுத்தாள்.

"எனக்குத் தெரியல அத்தே."

எழுந்து சமையல்கட்டுக்குப் போனாள். சரிந்த குதிரையை நிமிர்த்திப் பார்த்தாள். கம் இறுகிவிட்டிருந்தது. குதிரை சாய்ந்தபடியே நின்றது, சிப்பாயின் வாள் தரையைத் தொட்டுக்கொண்டு.